பழைய வாழ்க்கைதான் ஆரோக்கியமானதா?



கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி அமரும்போதும், நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் கூடும்போதும் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அந்தக் காலத்து மனிதர்கள் கல்லைத் தின்றாலும் செரித்தார்கள். இப்போது நாற்பது வயதிலேயே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு! எல்லாம் இந்தக் காலத்துச் சாப்பாட்டால் வந்த வினை" என்பார் ஒரு பெரியவர். "அந்தக் காலத்தில் காலரா வந்தால் வீட்டுக்கு இரண்டு ஜனாஸா கிளம்பியதே, மறந்துவிட்டீர்களா மாமா?" என்று இளைஞர் ஒருவர் கேட்பார். சஹன் காலியாகும், விவாதம் முடியாது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எதில் எவ்வளவு உண்மை என்று அறிய, நம் அடுப்பில் தினமும் ஏறும் சோற்றுப் பானையையே சாட்சியாக எடுத்துக் கொள்வோம்.

உரலும் ஆலையும்

அக்காலத்தில் நம் பெண்கள் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தினார்கள். உமி நீங்கும், தவிடு ஓரளவு அரிசியோடு ஒட்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் கிழக்கு நாடுகளில் பரவின. அவை பச்சை நெல்லை அரைத்து, தவிட்டை அடியோடு நீக்கி, முத்துப் போன்ற வெள்ளை அரிசியைத் தந்தன. பார்வைக்கு அழகு, சமைக்க எளிது.

ஆனால் அந்த அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் பெருகியது. கால் மரத்துப் போகும்; நடை தளரும்; உடல் வீங்கும்; முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். இது ஏதோ கிருமியின் வேலை என்று எண்ணி மருத்துவர் பலர் கிருமியைத் தேடிக் கொண்டிருந்தனர்.

மலாயாவில் கிடைத்த விடை

நம்மவர்கள் காலங்காலமாகச் சபர் போன மலாயாவில்தான் ஒரு தெளிவு பிறந்தது. அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாம் நாட்டு வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். அவர்களில் ஏராளமானோரை பெரிபெரி வாட்டியது. அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களிடையே அந்நோய் அரிதாக இருந்தது. அவர்கள் உண்டது, தங்கள் ஊரில் உண்டு பழகிய புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் இந்த வேற்றுமையைக் கவனித்து எடுத்துக் கூறினார்.

பிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட பிரிவில் பலரை நோய் பற்றி, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவிலோ புதிதாக எவருக்கும் நோய் வரவில்லை. 1907இல் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் இதைச் சோதித்து, அதே முடிவைக் கண்டனர்.

அதற்கு முன்பே ஜாவாவில் அய்க்மான் என்ற டச்சு மருத்துவர், வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு சேர்ந்தால் எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கி விடுகிறது.

நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற பெயரே தெரியாது. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது என்பதற்காக அவித்தார்கள். அந்தப் பழக்கம் அவர்கள் அறியாமலேயே அவர்களைக் காத்தது. பெரியவர் சொன்னதில் உள்ள உண்மை இதுதான். ஆனால் அந்த உண்மையை நிறுவிக் காட்டியது புதிய காலத்துச் சோதனை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மையவாடி சொல்லும் செய்தி

இனி இளைஞரின் வாதத்தைப் பார்ப்போம். தொண்ணூறு வயது வரை கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்த பாட்டியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டி பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் வளர்ந்து ஆளானவர்கள் எத்தனை என்று கேட்டோமா? பழைய மையவாடிகளுக்குப் போய்ப் பாருங்கள். குட்டை குட்டையான மீஸான் கற்கள் எத்தனை! கல்கூட நடாமல் மண்ணோடு மண்ணான சின்னக் கப்ருகள் எத்தனை! பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் காலமும் பொற்காலமாகத்தான் தெரியும்.

1951இல் நம் நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 146 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 2020இல் அது 28 ஆகக் குறைந்தது. ஊர் ஊராக உயிர் குடித்த பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டு நீங்கியது; 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காரணம் தடுப்பூசி. மக்கள் படியிறங்கி நீர் மொண்ட கிணறுகளும் குளங்களும் பலருக்கு நரம்புச்சிலந்தி நோயைத் தந்தன. தண்ணீரைத் துணியால் வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியும் ஒழித்தபின், 2000இல் அந்நோயற்ற நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. தண்ணீர் பழைய தண்ணீர்தான். ஆனால் சுத்தமாக இருக்கவில்லை.

எதைக் கொண்டு அளப்பது?

ஆகவே பழையது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது; புதியது என்பதால் கெட்டதாகிவிடாது. அது உடலுக்கு என்ன செய்கிறது என்பதே அளவுகோல். இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது. சர்க்கரை நோயோ வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் அந்நோய் உள்ளதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. உலக்கை பிடித்த கை இன்று சுவிட்சை அழுத்துகிறது. உழைப்பு குறைந்தது, எண்ணெயும் சீனியும் கூடின. அதற்காக நம் பெண்களை மறுபடியும் உரலடிக்கு அனுப்ப வேண்டியதில்லை. உடலுழைப்பை வேறு வழியில் மீட்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "பாட்டி காலத்து முறைக்குத் திரும்பிவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று மருந்தை நிறுத்துவோர் உண்டு. கைக்குத்தலரிசியும் அரிசிதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையைக் கூட்டும். அதைத் தின்று கொண்டே மருந்தைக் கைவிட்டுக் கண்ணையும் காலையும் இழப்பது பழைமையைப் போற்றுவதாகாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. அன்றாடச் சோற்றுக்குத் தவிடு முழுதும் நீங்காத அரிசியையோ புழுங்கலரிசியையோ பயன்படுத்துங்கள். சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் காய்கறியையும் கூட்டுங்கள்.

2. நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதனுடன் தட்டு நிறையச் சமோசாவும் வடையும் சேரும்போதுதான் பகலெல்லாம் காத்த வயிறு கெடுகிறது.

3. பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருந்தால், முடிந்தவர்கள் வண்டியை வீட்டில் விட்டு நடந்து செல்லுங்கள்.

4. குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். குடிநீரைக் காய்ச்சி மூடி வையுங்கள்.

5. சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தை எந்த நேரத்தில் உட்கொள்வது என்று கேட்டறியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதை ஏற்பது குறையாகாது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காக்கப் பாட்டியின் புழுங்கலரிசியும் வேண்டும். பேரனின் தடுப்பூசியும் வேண்டும். அடுத்த முறை சஹனைச் சுற்றி அந்தப் பேச்சு எழும்போது, பெரியவரும் இளைஞரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுக் கொள்வார்களாக!