மான் வேட்டைக்கு முதல் துப்பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நவம்பர் வந்துவிட்டால் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் மான் வேட்டை களைகட்டிவிடும். மிச்சிகனில் பருவம் தொடங்கும் 15ஆம் தேதி, கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறையே விட்டுவிடுகிறார்கள். மானைச் சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை என்று இருக்கும் நம் நாட்டுக்காரர்களுக்கு இது விநோதமாகத்தான் படும். அங்கே அது உரிமம், பருவம், எண்ணிக்கை என்று வரம்பு கட்டி நடத்தப்படும் குடும்ப வழக்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவோடோ தாத்தாவோடோ முதல்முறை காட்டுக்குப் போவதும் இந்தப் பருவத்தில்தான். அந்தப் பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அவற்றில் தவறாமல் காதில் விழும் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: சின்னத் தோட்டா மானைக் காயப்படுத்தித்தான் விடும். பெரிய காலிபராக (குழல் விட்டம்) வாங்குவதே மானுக்குச் செய்யும் கருணை.

உண்மை: மானை உடனே வீழ்த்துவது குண்டு எங்கே படுகிறது என்பதுதான். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 8 அங்குல வட்டத்துக்குள் அடங்கும். அங்கே பட்டால் மான் அதிக தூரம் ஓடாது. குடலில் பட்டால் எவ்வளவு பெரிய குண்டானாலும் மணிக்கணக்கில் துடிக்கும்.

1955இல் வந்த .243 வின்செஸ்டர், பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் தோட்டாக்களில் முன்வரிசையில் இருப்பது. அதன் 100 கிரெயின் எடையுள்ள குண்டு 100 கஜ தூரத்தில்கூட சுமார் 1,600 அடி-பவுண்டு ஆற்றலோடு போய்ப் படும். மானுக்கு 1,000 போதும் என்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. துப்பாக்கி சுடுபவரின் தோளுக்குத் திருப்பிக் கொடுக்கும் உதையைப் பாருங்கள்: .243இல் சுமார் 9 அடி-பவுண்டு, .30-06இல் சுமார் 20, .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 25க்கும் மேல். முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளையின் தோளுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

உதைக்குப் பயந்த பிள்ளை, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சுடுகளத்தில், பிள்ளைக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும்போது குழல்முனை அசையாமல் நின்றால் நல்லது. சட்டென்று கீழே குத்தினால், பயம் ஏற்கெனவே குடியேறிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை ஒட்டிய இந்தப் பழக்கத்தைப் போக்குவது பெரும்பாடு. பெரிய காலிபரில் பழக ஆரம்பித்தவர்களில் பலர் இதோடுதான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. .243க்கு 55, 58 கிரெயினில் லேசான குண்டுகளும் விற்கிறார்கள். அவை சிறு விலங்குகளுக்கானவை. மானின் தோள் எலும்பில் பட்டால் ஆழம் போகாமல் சிதறிவிடலாம். பெட்டியில் மானுக்கு என்று போட்டிருக்கிறதா, எடை 85 முதல் 100 கிரெயின்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வலு வேண்டும் என்பவர்கள் 7 எம்எம்-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மூர் இரண்டையும் பார்க்கலாம். இவற்றின் உதை .30-06ஐவிடத் தெளிவாகக் குறைவு.

நம்பிக்கை: பிள்ளை வளர்கிற வயசு. பெரிய அளவாக வாங்கிவிட்டால் நாளைக்கும் உதவும்.

உண்மை: பள்ளிச் சீருடையை இரண்டு விரல் கூட வைத்துத் தைப்பதுபோல் துப்பாக்கியை வாங்க முடியாது. விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் உள்ள தூரம் பெரியவர்களுக்கான துப்பாக்கிகளில் வழக்கமாக 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பிள்ளைகளுக்கு 12 முதல் 12.5 போதும். கட்டை நீளமானால் பிள்ளை இடுப்பைப் பின்னுக்கு வளைத்து நிற்கும்; கழுத்தை முன்னால் நீட்டி ஸ்கோப்பில் எட்டிப் பார்க்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். அது குறைந்தால், உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டிவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: பனிக்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியை ஆபத்தில்லாத திசையில் தோளில் ஏந்தி, பிள்ளை கண்ணை மூடித் திறக்கட்டும். தலையை நகர்த்தாமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் அளவு சரி. விளிம்பில் கறுப்பு நிழல் தெரிந்தால் வேறு பாருங்கள். வளரும் பிள்ளை என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் போன்றவை குட்டைக் கட்டையோடு வருகின்றன. மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பேண்டமில், இடையில் ஒரு துண்டைச் சேர்த்துக் கட்டையை 12இலிருந்து 13 அங்குலமாக நீட்டிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: சின்னப் பிள்ளைக்கு எடை குறைந்த துப்பாக்கிதான் நல்லது.

உண்மை: தூக்க எளிது, சுடக் கடினம். அதே தோட்டாவை 8 பவுண்டுத் துப்பாக்கிக்குப் பதில் 6 பவுண்டுத் துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தொடக்கக்காரப் பிள்ளை பெரும்பாலும் மறைவிடத்தில் உட்கார்ந்து, தாங்கியில் வைத்துத்தான் சுடப்போகிறது. எனவே எடை அங்கே பெரிய பாரமல்ல.

உதையைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் மசில் பிரேக்கையும் யோசித்தே வாங்க வேண்டும். அது உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைச் சுடுபவரின் பக்கமே திருப்பும். வேட்டைத் துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140லேயே காது நிரந்தரமாகப் பழுதாகலாம். பயிற்சியின்போது காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுறை என இரண்டுமே போடுவது நல்லது.

நம்பிக்கை: தாத்தாவின் பழைய லீவர் துப்பாக்கி இருக்கும்போது புதுசு எதற்கு?

உண்மை: அந்த லீவர் வகையைச் சேர்ந்த வின்செஸ்டர் 94உம் அதற்கென 1895இல் வந்த .30-30 தோட்டாவும் அமெரிக்கக் காடுகளில் வீழ்த்திய மான்களுக்குக் கணக்கில்லை. உதையும் மிதமே. சிக்கல், வெளியே தெரியும் சுத்தியலில்தான். பழையவற்றில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. சுடாமல் விட்டால், தோட்டா உள்ளே இருக்கும்போதே சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். குளிரில் மரத்துப்போன சின்ன விரல் வழுக்கினால் வெடித்துவிடும். முதல் துப்பாக்கியாக போல்ட் ஆக்‌ஷனே தோது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும் என்பதால், பிள்ளைக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

நம்பிக்கை: பெரிதாகக் காட்டும் ஸ்கோப் இருந்தால் குறி தப்பாது.

உண்மை: உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், பிள்ளையால் மானையே தேடிப்பிடிக்க முடியாது. 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும் 3-9×40 வகை தாராளம். அதையும் 3இலோ 4இலோ வைத்துப் பழக்குங்கள். முதல் பருவத்தில் 100 கஜத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: உதையே இல்லாத .22 ரிம்ஃபயரே மானுக்கும் போதும்.

உண்மை: பயிற்சிக்கு அதைவிட நல்ல துப்பாக்கி கிடையாது. மானுக்கு மட்டும் ஆகாது. பல மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. வர்ஜீனியா .23க்குக் குறைந்த ரைஃபிளை மானுக்கு அனுமதிப்பதில்லை; கொலராடோவில் எல்லை .24. ஒஹையோவிலோ கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்கள்தான் செல்லும் என்பதால் .243கூட உதவாது, 2019இல் வந்த .350 லெஜண்ட் போன்றவற்றைத்தான் நாட வேண்டும். ஆகவே முதலில் மாநிலத்தின் நடப்பு ஆண்டு விதிப்புத்தகம், பிறகுதான் கடை. அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹெச்-1பி போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று.

நம்பிக்கை: பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டால் பயமில்லை.

உண்மை: பூட்டும் ஓர் இயந்திரப் பாகம்தான், பழுதாகும். குழல்முனை யார் பக்கமும் திரும்பாமல் இருப்பதும், சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருப்பதும், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும்தான் காப்பு. வேலி தாண்டும்போதும் பரணில் ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். வீட்டில் துப்பாக்கி பெட்டகத்திலும் தோட்டா வேறிடத்திலும் இருக்கட்டும். சாவி பிள்ளையிடம் போகவே கூடாது. வேட்டைக்கல்வி வகுப்பை 1949இலேயே நியூயார்க் மாநிலம் தொடங்கிவிட்டது. இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. பிள்ளையோடு பெற்றோரும் போய் உட்காருவது நல்லது.

துப்பாக்கியில் மிச்சம் பிடிக்கும் காசைப் பயிற்சித் தோட்டாவுக்கும் காதுறைக்கும் செலவிடுங்கள். வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியப் பரிசு வேண்டாம். அளவெடுத்து, பழகி, குறி படிந்த பிறகும் “இந்த வருஷம் வேண்டாம்ப்பா” என்று பிள்ளை சொன்னால், மறுபேச்சில்லாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.