பாய்ப்படகில் சூரிய மின்னேற்றம்

கேரளத்தின் வைக்கத்தில் 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ படகு, 75 பயணிகளை ஏற்றிச் செல்வதற்கு 20 கிலோவாற்றுச் சூரியத் தகடுகளைக் கூரை முழுதும் தாங்கியுள்ளது. பாய் விரித்த சிறுபடகிலோ அவ்வளவு பரப்புக் கிடைப்பதில்லை. 200 வாற்றுத் தகடொன்று நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 வாற்று-மணி மின்சாரமே தருமாதலால், 1 கிலோவாற்று மோட்டாரை முழு வலுவில் ஒரு மணி நேரம் ஓட்டவும் அது போதாது. பாயின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்வரத்து வெகுவாகக் குறையக்கூடுமென்பதால், தகடுகளைப் பின்புறத்தில் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியான மின்னேற்றக் கட்டுப்படுத்தியை, அதாவது பற்றரிக்குச் செல்லும் மின்னை ஒழுங்குபடுத்தும் கருவியைப் பொருத்துவது நன்று. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிடலாகாது. மின்னேறும்போது எரியத்தக்க ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் பற்றரி இருக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். இலங்கையின் யட்டவத்த ஊரில், மரநிழல் விழும் வீட்டுக் கூரைகளில் பற்றரியுடன் சூரியத் தகடு வைப்போருக்கும் நிழல், பற்றரி பற்றிய இக்குறிப்புகள் பொருந்தும்.