ஏற்காட்டில் வாடகை வீடு: ஒண்டிக்கடையா, ஊர்ப்புறமா, தோட்டமா?

ஏற்காட்டில் வருஷம் முழுக்கக் குடியிருக்க வீடு தேடினால், உங்களோடு போட்டி போடுகிறவர் சனி, ஞாயிறு மலையேறி வரும் சுற்றுலாப் பயணி. நீங்கள் ஒரு மாதத்துக்குத் தரும் வாடகையைச் சில இரவுகளிலேயே கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர். அதனால்தான் பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலைக் கண்டு மயங்கிவிடக் கூடாது என்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்குத்தான் கோடை விழா நெருங்கும்போது "கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்க" என்ற பேச்சு வரும். மாற்றலாகி வரும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் வங்கி ஊழியருக்கும், பயணிகள் திரும்பிப் பார்க்காத வீடே நல்ல வீடு.

ஊர் நடுவே ஒண்டிக்கடையைச் சுற்றி இருந்தால் கடை, பஸ், மருந்து எல்லாம் நடக்கும் தூரம். வண்டி இல்லாதவர்களும் வயதானவர்களும் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். ஆனால் ரவுண்டானாவும் அண்ணா பூங்காவும் ஏரியும் பக்கம் பக்கமாக இருப்பதால், மே மாதத்தில் வாசலில் ஹாரன் ஓயாது. மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளிப் பாருங்கள். மாடியைவிடக் கீழ்வீடு மலிவாக இருக்கும். வெயில் எட்டாத கீழ்வீடென்றால் அந்த மலிவுக்கு ஆசைப்படாதீர்கள்.

காரணம், ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் துணி காயாது. அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கைக்குழந்தையோ, இழுப்பு உள்ளவரோ வீட்டில் இருந்தால் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைப் பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தண்ணீர் விஷயம் நேர்மாறு: மலைமேல் இருந்தாலும் மார்ச், ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா என்று கேட்க வேண்டும்.

ஊர்ப்புறமாக நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் போனால் வாடகை இறங்கும், வீடு பெரிதாகும், தோட்டமும் போட்டுக்கொள்ளலாம். டூவீலர் வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பஸ் ஏறுகிறவர்களிடம் கேளுங்கள். சொந்த வண்டியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான்.

காப்பித் தோட்டத்து அவுட்ஹவுஸ் தனியாக இருந்து வேலை செய்கிறவர்களை இழுக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காட்டெருமை நடமாட்டம் உண்டு. இருட்டியபின் நடந்து திரும்புகிறவருக்கு அந்த வீடு ஒத்துவராது. இரவில் கேட்டைப் பூட்டுவார்களா, போன் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா என்று நின்று பார்த்துவிடுங்கள்.

கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று சேலத்திலேயே தங்கி, தினமும் ஏறி இறங்கலாமே என்பவர்கள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினம் இருமுறை உடம்பு தாங்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோடை விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியே திருப்பிவிடுவார்கள். ஓரிரு மாதத்துக்குச் சரி. அதற்குமேல் மேலேயே வீடு பிடிப்பதுதான் நல்லது.

பணம் பேசும்போது தனி மீட்டரா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பொது மீட்டரென்றால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், குளிருக்கு ஹீட்டர் போடுகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை. போக்கியத்துக்குப் போவதானால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துப் பத்திரத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும். பெருந்தொகையைக் கைச்சீட்டை நம்பிக் கொடுக்காதீர்கள். வாடகைக்கென்றால் வழக்கமாக 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள். அதில் ஏப்ரல், மே மாதங்களிலும் இதே வாடகை, இடையில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கிய பிறகு சாமான் ஏற்றுங்கள்.