அடிக்கடி வரும் வாய்ப்புண்

மனித சரீரத்தைப் பிடிக்கும் உபாதைகளுள், உயிருக்கே அபாயம் என்று எல்லோராலும் அஞ்சப்படுபவை சில. அவ்வாறு அஞ்சப்படாமலே வருஷக்கணக்கில் உடனிருந்து, உண்பதையும் பேசுவதையும் உறங்குவதையும் சிறிது சிறிதாகக் கெடுத்துவிடுபவை பல. அடிக்கடி வரும் வாய்ப்புண் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. காலை முதல் மாலை வரை வகுப்பில் நின்று பேசியே ஜீவனம் நடத்திய என் போன்ற ஆசிரியனுக்கு, நாக்கின் ஓரத்தில் தோன்றும் கடுகளவு புண் எவ்வளவு பெரிய இடையூறு என்பதை, அதை அனுபவித்தவரே அறிவர். என் தாயாருக்கு இந்த உபாதை இருந்தது. கல்லூரிப் பருவத்தில் எனக்கும் தொடங்கி, ஒன்று ஆறுமுன் மற்றொன்று என்னும்படி நடுவயது வரையில் நீடித்து, இப்போது எப்போதேனும் தலைகாட்டுவதோடு அடங்கியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியை, இதே துன்பத்தில் இருப்பவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற எண்ணத்தோடு எழுதுகிறேன்.

வாய்ப்புண் என்று சொன்னவுடனே, கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு காரணமும் ஒரு மருந்தும் சொல்லுவது நம் நாட்டு வழக்கம். உடம்பில் உஷ்ணம் ஏறிவிட்டது என்பார் ஒருவர். வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் புண் வரும் என்பார் மற்றொருவர். மருந்துக்கடைக்காரரோ கேளாமலே பி காம்ப்ளக்ஸ் மாத்திரை ஒரு அட்டையை எடுத்து நீட்டுவார். அன்பினால் சொல்லப்படும் இந்த யோசனைகளில் ஓரளவு உண்மை கலந்திருக்கலாம். ஆயினும், வந்திருக்கும் புண் எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று நிச்சயிக்காமல் பரிகாரம் தேடுவதால் பயன் இல்லை என்பதை எனக்கு உணர்த்தியவர், தஞ்சாவூரில் பணியாற்றிய வயது முதிர்ந்த பல் மருத்துவர் ஒருவர். அவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த நேரம் சொற்பம். கேள்வி கேட்ட நேரம்தான் அதிகம். “சார், இந்தப் புண்ணை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், நீங்கள் பல வருஷமாகப் பார்த்து வருகிறீர்கள். அதனால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்” என்றார். எந்த இடத்தில் வருகிறது, எத்தனை பெரிதாகிறது, ஒரே சமயத்தில் எத்தனை, ஆற எத்தனை நாள், ஆறிய இடத்தில் தழும்பு உண்டா, வருமுன் காய்ச்சலோ கொப்புளமோ தோன்றியதா என்று அவர் கேட்டவற்றில் பாதிக்கு என்னால் திட்டமாக விடை கூற இயலவில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வரச் சொல்லி அனுப்பினார்.

இடத்தை அவர் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வாயின் உட்புறம் முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. உதட்டின் உட்பக்கம், கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரமும் அடிப்பாகமும், மேலண்ணத்தின் பின்பகுதி ஆகியவை மெல்லிய சவ்வு போர்த்தவை. ஈறும் மேலண்ணத்தின் முன்பகுதியும் எலும்போடு ஒட்டிய கெட்டியான தோல் உடையவை. மருத்துவர்கள் ‘ஆப்தஸ்’ என்று குறிப்பிடும் சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் மெல்லிய பகுதியிலேயே தோன்றும். ஹெர்பீஸ் என்னும் வைரஸால் திரும்பத் திரும்ப வருவதோ, சிறு கொப்புளங்களாக எழுந்து உடைந்து, உதட்டின் வெளிவிளிம்பிலும் கெட்டியான பகுதியிலும் அமையும். முன்னது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பின்னது தொற்றும். என் தாயார் தமக்குப் புண் வந்த நாட்களில் தம் டம்ளரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகளாகிய எங்களைக் கிட்ட அண்டவிடாமல் இருந்ததை நினைக்கும்போதெல்லாம், இந்த ஒரு விஷயத்தை யாரேனும் அவருக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆப்தஸ் புண்ணிலும் மூன்று வகை சொல்லுகிறார்கள். பெரும்பாலோருக்கு வருவது, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்டு, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, நடுவில் மஞ்சள் கலந்த வெண்மையும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக இருந்து, 7 முதல் 14 நாட்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடும். அதற்கு மேற்பட்ட அளவில் ஆழமாக விழுந்து, வாரக்கணக்கில் நீடித்துத் தழும்பு விட்டுப் போவது இன்னொன்று. குண்டூசித் தலை போன்ற சிறு புண்கள் பத்துப் பதினைந்தாக ஒருங்கே தோன்றி ஒன்றோடொன்று கலந்துவிடுவது மூன்றாவது. என்னுடையது முதல் வகை என்று நோட்டுப் புத்தகம் தெளிவாகக் காட்டிவிட்டது.

அந்தப் புத்தகம் வேறு சிலவற்றையும் காட்டிற்று. பரீட்சைத் தாள் திருத்தும் மாதங்களில், நித்திரை குறைந்து மனம் அலுத்திருக்கும் காலத்தில், புண்கள் நெருக்கமாக வந்தன. கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றின் உடைந்த முனை உராயும் இடத்திலேயே நாக்கில் புண் எழுவதையும் கண்டோம். மருத்துவர் அந்த முனையைத் தேய்த்துச் சமமாக்கிய பின், அவ்விடத்துப் புண் அடியோடு நின்றுவிட்டது. பற்பசை விஷயம் நான் எதிர்பாராதது. நுரை வருவதற்காகப் பல பற்பசைகளில் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்னும் பொருள் சிலருக்கு வாயின் மெல்லிய சவ்வை நலியச் செய்கிறது என்று சொல்லி, அது கலவாத பசையை உபயோகிக்கச் சொன்னார். எல்லோருக்கும் இதனால் குணம் உண்டாகும் என்று சொல்வதற்கில்லை. எனக்குப் புண்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. செலவும் அபாயமும் இல்லாத பரீட்சையாதலால், யாரும் இரண்டு மூன்று மாதம் செய்து பார்க்கலாம். பசைக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் பொருள்களின் பெயர்களைப் படித்து வாங்கினால் போதும்.

ஆனால் என் வரையில் பெரிய மாறுதலை உண்டாக்கியது இரத்தப் பரிசோதனையே. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும், வாயின் உட்சவ்வு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் தளர்ந்து, எளிதில் புண்படும் நிலையை அடைகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று கேட்டுத் திருப்தியடைந்துவிடுவது போதாது. அது குறையத் தொடங்குவதற்கு முன்பே சரீரத்தின் இரும்புச் சேமிப்பு வற்றிவிடக் கூடுமாதலால், சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு இரும்பு போதுமானதாக இருந்தது. பி12 மிகவும் தாழ்ந்திருந்தது. எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு உண்ணும் வீடு. கீரையிலும் பருப்பிலும் ஃபோலிக் அமிலம் உண்டு, ஓரளவு இரும்பும் உண்டு. பி12 மட்டும் தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் சிறிதளவு தரும். காப்பியில் கலக்கும் பாலையும் பெயரளவுக்கு ஊற்றிக்கொள்ளும் மோரையும் நம்பியிருப்பவருக்கு அது எட்டாமற் போவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் சத்துக்களின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1928 ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், அங்குள்ள ஆலைத் தொழிலாளிகளான ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரம் கொடுத்துக் குணப்படுத்தினார். பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற பொருள் அதில் இருந்ததே அந்தக் குணத்திற்குக் காரணம். பி12 அதற்கும் பின்னர், 1948 இல்தான் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இவ்விரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்பதாலேயே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பி12 குறைந்திருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமாகத் தொடர்ந்து உட்கொண்டால், இரத்தம் சீர்பட்டது போலத் தோன்றும். நரம்புகளுக்கு நேரும் கெடுதலோ உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஆகையால் முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரை தொடங்குவதே முறை. முன்னரே கண்ட மாத்திரைகளை விழுங்கியிருந்தால், உண்மையான குறை பரிசோதனையில் தெரியாமல் மறைந்துவிடும்.

எனக்குச் சில ஊசிகளும், பின்னர் நாள்தோறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. முதல் மாதத்தில் விசேஷமான வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுபவர்கள் அநேகர் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தேன். புண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நீண்டது. பின்னர் வலியும் குறைந்தது. இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நாள்தோறும் 1000 மைக்ரோகிராம் பி12 நாவின் அடியில் வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேர் ஆறாம் மாதத்தில் புண்ணின்றி இருந்தார்கள் என்றும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர் என்றும் கண்டிருக்கிறார்கள். இது சிறிய ஆராய்ச்சிதான். ஆயினும் பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதற்கு என் அனுபவமும் சாட்சி.

குறை இருக்கிறது என்று அறிந்ததோடு நின்றுவிடாமல், ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டும். மூலத்தினாலோ மிகுதியான மாதவிடாயினாலோ இரத்தம் போவது, கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாமல் குடல் நலிந்திருக்கும் சீலியாக் நோய், குடல் அழற்சி, நீரிழிவுக்காக நெடுநாள் உண்ணும் மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தை அடக்க வருஷக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் என்று பல காரணங்கள் பின்னால் மறைந்திருக்கக் கூடும்.

இனி, புண் வந்துவிட்ட நாளில் செய்யத் தக்கதைச் சொல்லுகிறேன். தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே அவ்விடத்தில் ஒரு குறுகுறுப்பு, எரிச்சல் தெரியும். அப்போதே மருத்துவர் எழுதித் தந்த டிரையாம்சினலோன் பசையைத் தொடங்குவது, புண் பெரிதான பின் தொடங்குவதைக் காட்டிலும் பன்மடங்கு மேல். தடவும் முறையில்தான் பலன் இருக்கிறது. உணவு முடிந்து வாய் கொப்பளித்த பின், சுத்தமான பஞ்சினால் புண்ணின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மிளகளவு பசையை அதன் மேல் மெதுவாக ஒற்றி வைக்க வேண்டும். தேய்த்தால் மணல்போல் உதிர்ந்து போய்விடும். இரவு படுக்கும் முன் வைப்பது மிகவும் உத்தமம். இது ஸ்டீராய்டு மருந்தாகையால், ஹெர்பீஸ் புண்ணிலோ வெண்படலமாகப் படியும் பூஞ்சைத் தொற்றிலோ உபயோகிக்கலாகாது. இனம் அறிந்த பின்னரே மருந்து என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு நீர் புண்ணைச் சுத்தமாக வைத்து, ஆறுவதற்கு உதவக் கூடும். நெடுநாள் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வலி பொறுக்க முடியாதபோது, உண்பதற்குச் சற்று முன் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தொட்டு வைப்பேன்.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுப்பது எங்கள் பாட்டி காலத்து வைத்தியம். காரமின்றி, இதமாக, விழுங்க எளிதாக இருக்கும் அந்த உணவு புண்பட்ட வாய்க்கு உகந்தது. அதை நான் இன்றும் விரும்பி உண்ணுகிறேன். ஆனால் பி12 குறையை அது தீர்க்காது. புண்ணின் மேல் கல்லுப்பை வைத்து அழுத்துவதும், படிகாரம் வைத்துச் சுட்டுக்கொள்வதும் திசுவை மேலும் ரணமாக்கும். அவற்றைக் கைவிட வேண்டும்.

வேறு நோய்க்காக உண்ணும் மருந்தே வாய்ப்புண்ணுக்குக் காரணமாவதும் உண்டு என்பதை என் சிற்றப்பாவின் விஷயத்தில் கண்டேன். எழுபது வயதைக் கடந்தவர். அதற்கு முன் வாய்ப்புண் என்பதையே அறியாதவர். நெஞ்சு வலிக்காக நிகோராண்டில் என்னும் மருந்து உண்டுவந்த காலத்தில், அவர் நாக்கில் பெரியதும் ஆழமானதுமான ஒரு புண் தோன்றி, எந்தப் பசைக்கும் அசையாமல் மாதக்கணக்கில் இருந்தது. கஞ்சி தவிர வேறொன்றும் இறங்காமல் உடம்பு உருகிப்போயிற்று. “சித்தப்பா, நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்” என்று சொல்லி அழைத்துப் போனேன். மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர், இருதய நிபுணரோடு கலந்து பேசி அதை நிறுத்தி வேறு மருந்து மாற்றச் செய்தார்; சில வாரங்களில் புண் மூடிக்கொண்டது. இருதய மருந்தைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே அபாயம் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டும் வாயைப் புண்ணாக்கும். அதை உண்பவருக்குப் புண் வந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். புகை பிடிப்பதை விட்ட சில வாரங்களில் சிலருக்கு வாய்ப்புண் வருவதுண்டு. அதைக் கண்டு மறுபடியும் புகைக்கத் தொடங்கிவிடலாகாது.

வாய்ப்புண்ணோடு கண் சிவந்து வலித்தல், மறைவிடத்தில் புண், மூட்டு வலி ஆகியவை சேர்ந்தால், 1937 இல் இஸ்தான்புல் நகரத்துத் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் விவரித்த நோயாக இருக்கலாம். அது கண்பார்வையைக் கெடுக்க வல்லது. கூச்சத்தினால் இவற்றுள் ஒன்றையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. எடை குறைதல், ஓயாத பேதி, தோலிலும் கொப்புளம், திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்பவையும் அப்படியே.

கடைசியாக ஒன்று. வலிக்கும் புண்ணுக்கு அஞ்சி ஓடும் நாம், வலிக்காத புண்ணை அலட்சியம் செய்கிறோம். புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நாக்கின் ஓரத்திலோ, புகையிலை அடக்கும் கன்னத்திலோ, விளிம்பு தடித்துக் கெட்டியாக, ஆறாமல் ஒரே இடத்தில் நிற்கும். வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் மெல்லுபவர்கள், வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்று கண்டாலும் தாமதிக்கலாகாது. பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. அரசாங்கக் கல்லூரிகளில் செலவும் அதிகம் ஆகாது. உங்கள் வாயிலோ, உங்கள் வீட்டுப் பெரியவர் வாயிலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.