ஆவணியில் பிறந்த பிள்ளைக்கு முதல் தீபாவளி, முதல் பொங்கல், முதல் மாசி மகம்



மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், திண்டிவனம் பெருமாள், நம்ம மணக்குள விநாயகர் என்று சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். மேளச் சத்தம், பலூன்காரர், பொரிக் கடை, தலைக்கு மேல் வெயில். அந்தக் கூட்டத்திலே இடுப்பில் கைக்குழந்தையோடு எத்தனை தாய்மார் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? "புள்ளைக்கு மொத மாசி மகம்க்கா, சாமிக்குக் காட்டிட்டுப் போயிடறேன்" என்பார்கள்.

காட்டட்டும். முதல் பிள்ளைக்கு முதல் பண்டிகை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் பண்டிகைக்கு நாள் பார்க்கிற நாம் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று பார்க்கிறோமா? தீபாவளிக்கு ஏற்ற பிள்ளை வேறு, மாசி மகத்துக்கு ஏற்ற பிள்ளை வேறு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். வீட்டில் மாமியார் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாதி விஷயம் அவர்களுக்குத்தான்.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே பண்டிகைக் காலம் முழுக்க நடந்து வருவோம்.

தீபாவளி வரும்போது பிள்ளைக்கு இரண்டு மாதம் தாண்டியிருக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். தூக்கத்தில் தானாகச் சிரிப்பது வேறு. நாம் பேசினால் நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இது. ஊருக்கு முன்னால் அம்மாவுக்குக் கிடைக்கும் தீபாவளிப் பரிசு இதுதான்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு தவறு நடக்கிறது. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட வேண்டும் அல்லவா? நம் ஆவணிப் பிள்ளைக்கு 10-வது வார ஊசி தீபாவளியை ஒட்டியே வந்து விழும். "ஊசி போட்டா காய்ச்சல் வரும், பண்டிகை அதுவுமா புள்ள அழுதுட்டே இருக்கும், முடியட்டும் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். தீபாவளி போய்க் கார்த்திகை வரும், அட்டை பரண் மேல் போய்விடும். ஊசிக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். அந்த ஊசி தடுக்கும் கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் அப்படி இறங்காது. நாள் தவறியிருந்தால், "திட்டுவாங்க" என்று பயந்து வீட்டிலேயே இருக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போடுவார்கள். இன்னொன்று, பிரதமரின் தாய்மைத் திட்டத்தில் முதல் குழந்தைக்கு இரண்டு தவணையாக 5,000 ரூபாய் வருகிறதே, அதில் இரண்டாம் தவணை கிடைக்கப் பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும், 14-வது வாரம் வரைக்குமான ஊசிகளும் முடிந்திருக்க வேண்டும்.

பிறப்புப் பதிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. 21 நாளுக்குள் பதிவு இலவசம். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் பதிவு செய்துவிடலாம். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஜோசியர் எழுத்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

தீபாவளி வெடி பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தில் வெடித்தால் கைக்குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்து அலறும். பாவம், உள் அறையில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், தெருவே அதிரும் வெடிக்கும் ஒரு பிள்ளை விழித்திருந்தபடியே அசையாமல் கிடந்தால், "எம் புள்ள தைரியசாலி" என்று பெருமைப்பட வேண்டாம். காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்காக யாரும் வெடி வைத்துச் சோதிக்கக் கூடாது. பிள்ளைக்குத் தெரியாமல் பின்பக்கமாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மணி ஆட்டுங்கள். 6 மாதத்துக்குள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். காது கேளாமையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவி பொருத்திப் பேச்சுக் கொண்டு வர வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு பிள்ளைகளுக்குக் காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நான்கு வயதில் "ஏன் இன்னும் பேசல?" என்று தேடும்போது பாதிக் காலம் போயிருக்கும்.

அடுத்தது பொங்கல். நம் பிள்ளைக்கு ஐந்து மாதம் நெருங்கும். தலை நின்றிருக்கும், குப்புற விழுந்திருக்கும் அல்லது விழப் பார்க்கும். பல வீடுகளில் பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். பல் முளைத்தாலும் கொழுக்கட்டை உண்டு. இலங்கைத் தமிழர் வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டையைப் பெரிய விழாவாகவே செய்வார்கள். இதை வெறும் பலகாரம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை காலத்துக்குச் சரியாக வளர்கிறதா என்று ஒரு தெருவே சேர்ந்து பார்த்துக்கொண்ட ஏற்பாடு இது. நம் புலவர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் என்ற நூல் வகையில் பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரைப் பருவம், அது ஐந்தாம் மாதம். கை கொட்டுவது சப்பாணி, அது ஒன்பதாம் மாதம். தளர்நடை போட்டு வா என்று அழைப்பது வருகைப் பருவம், அது ஆண்டு நிறைவை ஒட்டி. இன்று தாய்-சேய் அட்டையில் படம் போட்டுக் கொடுப்பதும் இதே கணக்கைத்தான்.

குப்புற விழும் பிள்ளையைக் கட்டிலில் தனியாக விடாதீர்கள். பண்டிகை வேலை நெருக்கடியில் "இப்பத்தானே படுக்க வெச்சேன்" என்கிற ஒரு நிமிடத்தில்தான் விழும். தரையில் பாய் போதும்.

போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை கைக்குழந்தை மூச்சுக்கு ஆகாது. அன்று விடிகாலை கதவு, ஜன்னலை மூடி வையுங்கள். தெருவில் டயர் எரிக்காமல் இருக்கக் குழுவாகச் சேர்ந்து பேசினால் இன்னும் நல்லது. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை போடும் வழக்கத்துக்கும் இதே பதில்தான்.

இப்போது பெரியவர்களுக்கு. பொங்கல் பொங்கியதும் பாட்டி ஒரு விரல் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைப்பார். ஆசைதான், அன்புதான். ஆனால் 6 மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேனை ஒரு வயது வரை தொடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குடலில் வளர்ந்து, பிள்ளையின் கை கால் தளர்ந்து மூச்சே அடைத்துப் போகலாம். பிரசாதத் தட்டில் பஞ்சாமிர்தம் இருந்தால் அதிலும் தேன் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சாமிக்குக் குறை வைக்க வேண்டாம் என்றால் பிரசாதத்தை அம்மா சாப்பிடட்டும். பத்தியம் என்று பாதி வயிறாகக் கிடக்கும் தாய்க்கு அந்தச் சர்க்கரைப் பொங்கலும் பருப்பும் நெய்யும் நல்லதுதான்.

கண் பட்டுவிடும் என்று மை வைக்கிறோம். கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு வையுங்கள். கண்ணுக்குள் தீட்டாதீர்கள். கடை மையில் ஈயம் கலந்திருக்கலாம். கண்ணில் சீழும் பிடிக்கும். வசம்பு வளையல் போட்டால் மணி கழன்று வாய்க்குள் போகாதபடி இறுக்கமாகக் கோர்த்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

மாசி மகம் வரும்போது நம் பிள்ளைக்கு 6 மாதம் முடிந்து சோறு ஊட்டும் காலம். தீர்த்தவாரி முடிந்து கோயிலில் முதல் சோறு ஊட்டுவதென்றால் பொருத்தமான நேரம்தான். குழைய வடித்த சோறும் பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் சேர்த்து மசித்து இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள். தண்ணியாகக் கரைத்து ஊற்ற வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பக்குவம் இருக்க வேண்டும். ஒரு வயது வரை தனியாக உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம். குப்பத்துச் சகோதரிகள் கேட்பார்கள், "மீன் குடுக்கலாமாக்கா?" தாராளமாகக் கொடுக்கலாம். முள் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து, காரம் போடாமல் வேக வைத்து மசித்துக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கும் டின் மாவைவிட உங்கள் வீட்டுக்காரர் கொண்டு வரும் மீன் உயர்ந்தது. கருவாடு மட்டும் வேண்டாம், அத்தனையும் உப்பு. தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும். புட்டிப்பால் விளம்பரத்தை 1992-ல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கடற்கரைக் கூட்டத்துக்கு 6 மாதப் பிள்ளையைத் தூக்கிப் போவதா? தட்டம்மை-ருபெல்லா ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை கூட்டத்தில் இருமுகிறவர்களிடமிருந்து பிள்ளைக்குக் காப்பு குறைவு. கட்டாயம் போக வேண்டுமென்றால் விடிந்ததும் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பருத்தித் துணி, தலைக்குத் தொப்பி. கடலில் முக்க வேண்டாம், ஈரக் கையால் தலையில் தொட்டால் சாமி ஏற்றுக்கொள்ளும். மேளத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். வழியில் பால் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள், திண்டிவனம் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் பெருமாளையே "மாப்பிள்ளை" என்று மீனவர்கள் வரவேற்பார்கள். அப்படி உரிமை கொண்டாடும் சாமி, அடுத்த வருடம் நடந்து வந்து கும்பிடு என்றால் கோபித்துக்கொள்ளுமா?

பண்டிகைக்குச் சொந்தம் கூடினால் ஒப்பிடுதலும் கூடும். "எம் பேத்தி இந்நேரம் தவழ்ந்துட்டா, இவன் ஏன் இன்னும் குந்தல?" என்று ஒருவர் கேட்க, அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைப்பாள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006-ல் கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது நாலாம் மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை, தானாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை. இதில் எங்கே இருந்தாலும் நலமான பிள்ளைதான். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும். குறைமாதத்தில் பிறந்திருந்தால் எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு மாதம் கணக்கிடுங்கள்.

ஆனால் "எல்லாம் தானா வரும்" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 5 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, அல்லது செய்துகொண்டிருந்த ஒன்றைத் திடீரென்று செய்யாமல் விட்டுவிட்டது என்றால், உரம் எடுக்கவும் தொக்கம் எடுக்கவும் அலையாமல் உடனே அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். 2013-லிருந்து நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் இதற்கென்றே மருத்துவக் குழு இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரும் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன.

நடக்கும் வயது நெருங்கும்போது மாமன்மார் வாக்கர் வாங்கி வருவார்கள். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. படியில் உருண்டும் அடுப்புப் பக்கம் பாய்ந்தும் அடிபட்ட பிள்ளைகள் அத்தனை. நடையையும் அது சீக்கிரம் கொண்டு வராது. நம் ஊர் மர நடைவண்டி, பிள்ளை தானாக நிற்கத் தொடங்கிய பிறகு, அருகில் ஆள் இருந்தால் போதும்.

கடைசியாகப் பணம். முடியெடுத்துக் காது குத்தக் குழுவில் உள்கடன் கேட்கிறோம். கேட்பது தவறில்லை, உள்கடன் உறுப்பினர் தேவைக்குத்தான். ஆனால் பந்தலுக்கும் பிரியாணிக்கும் வாங்கிய கடனை அடைக்கும் மாதங்களில் பிள்ளைக்கு முட்டை வாங்கக் காசில்லாமல் போகிறது என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது. மொய் வந்தால் அதில் ஒரு பங்கைப் பிள்ளை பெயரில் போடுங்கள். பெண் பிள்ளை என்றால் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கை வருடம் 250 ரூபாயிலேயே நடத்தலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு: நம் குழுவில் ஒரு வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீடுகள் எத்தனை? அவர்கள் தாய்-சேய் அட்டையைக் கொண்டு வரட்டும், ஊசி தேதிகளை எல்லாருமாகப் பார்ப்போம். எந்தத் தேதி பண்டிகையில் விழுகிறது? அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் ஊசி போடும் இடத்துக்கு அனுப்பி வைக்கப் போகிறவர் யார்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.