ஒட்டுநிரல் பேணலும் மூலத்திட்ட மாற்றமும்: லினக்ஸ் நிகழ்நேர ஒட்டுத்தொகுதியை முன்வைத்து

முன்னுரை

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமை எவர்க்கும் உண்டு. அத்திருத்தத்தை மூலத்தோடு சேர்க்காமல் தனியே பேணுவதே கடினம். மூலம் வளர வளர, பழைய வடிவுக்கென எழுதப்பட்ட திருத்தம் புதிய வடிவோடு முரண்படும். ‘பேட்ச்’ எனப்படும் இத்திருத்தம் இங்கு ‘ஒட்டு’ எனச் சுட்டப்பெறுகிறது. லினக்ஸ் கர்னலுக்கென 2004 முதல் தனியே பேணப்பட்டு வந்த ‘பிரீஎம்ப்ட் ஆர்டி’ என்னும் நிகழ்நேர ஒட்டுத்தொகுதியைக் கொண்டு ஒட்டுகளைப் பேணும் நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒட்டின் இயல்பு

ஒட்டுக்கோப்பில் முழு நிரலும் இராது. நீக்கவேண்டிய வரிகள், சேர்க்கவேண்டிய வரிகள், இடத்தை அடையாளங்காட்ட முன்னும் பின்னும் வழக்கமாக மும்மூன்று சூழல்வரிகள் ஆகியவையே இருக்கும். வரியெண் மாறினும் சூழல்வரிகளைக் கொண்டு உரிய இடம் கண்டறியப்படும். சூழல்வரிகளே மாறிவிடின் ஒட்டு பொருந்தாது. லினக்ஸின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருவதால் இச்சிக்கல் ஓய்வதில்லை.

சொல்முரணும் பொருள்முரணும்

வரிகள் மோதுவது சொல்முரண்; கருவியே அதனைச் சுட்டிவிடும். வரிகள் மோதாமல் கருத்து மோதுவது பொருள்முரண், இதுவே கொடிது. கர்னலில் ‘ஸ்பின்லாக்’ என்னும் பூட்டுக்குக் காத்திருக்கும் செயலி ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். நிகழ்நேர வடிவிலோ, காத்திருக்கும் பணி பெரும்பாலும் உறங்கிவிடும். குறுக்கீடுகளை முடக்கிவிட்டு இப்பூட்டைப் பெறும் புதிய நிரல்பகுதி மூலத்தில் சேர்வதாகக் கொள்வோம். மூலத்தில் அது பிழையன்று. நிகழ்நேர வடிவிலோ, உறங்கக்கூடாத இடத்தில் உறங்கும் பிழையாகிறது. ஒட்டு தடையின்றிப் பொருந்தும், நிரலும் தொகுக்கப்படும். உரிய நேரத்தில் இயங்கவேண்டிய ஆலைப்பொறியில் இப்பிழை வெளிப்படின் விளைவு கடுமையாகும். எனவே ஒட்டு பொருந்தியதென்பது அது சரியாக இயங்கும் என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு பதிப்பிலும் மூலத்தின் மாற்றங்களைப் படித்தறிதலும் சோதித்தலும் இன்றியமையாதன.

மூலத்தில் கலத்தல்

இத்தொகுதியைப் பேணியோர் அதனை ஒரே திரளாக வைத்திராது, ஒவ்வொன்றும் ஒரு நோக்கமுடைய சிறு ஒட்டுகளின் வரிசையாக அமைத்தனர். பொதுப்பயன் உடையவை தனித்தனியே மூலத்திற்கு அளிக்கப்பட்டன. 2006இல் நுண்காலக் கணிப்பிகளும், 2009இல் குறுக்கீடுகளைத் தனிப் பணிகளாகக் கையாளும் முறையும், 2021இல் பூட்டுகளின் அடிப்படை மாற்றமும் மூலத்தில் இடம்பெற்றன. செய்தி அச்சிடும் ‘பிரிண்ட்கே’ பகுதியின் சீரமைப்பு இறுதித் தடையாக நின்றது. அதுவும் நீங்கியபின், 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில் நிகழ்நேர வசதி மூலத்தின் உறுப்பாயிற்று. மூலத்தில் கலந்த பகுதியைப் பேணும் பொறுப்பு அனைவர்க்கும் உரியதாகிறது. பிறர் நிரலை மாற்றும்போது அதனையும் கருத்திற்கொள்வர்.

முடிவுரை

ஒட்டினைப் பேணும் உழைப்பு அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. மூலத்தின் எந்தக் கொள்கையோடு அது முரண்படுகிறது என்பதையும் பொறுத்தது. ஒட்டுகளைச் சிறிதாகப் பகுத்தல், நோக்கத்தை எழுதிவைத்தல், பொருள்முரணைச் சோதித்தல், பொதுவானதை மூலத்திற்கு அளித்தல் ஆகிய நான்கும் இதன்வழிப் பெறப்படும் நெறிகளாம். தனியே காக்கவேண்டியதைக் குறைத்துக்கொண்டே வருதல்தான் ஒட்டினைக் காக்கும் சிறந்த வழி என்பது இவ்வாய்வின் முடிபாகும்.