விண்டோஸில் மட்டும் தோற்கும் சோதனை

கேள்வி: லினக்ஸில் தேறும் தானியங்கிச் சோதனை விண்டோஸில் மட்டும் அவ்வப்போது தோற்பது ஏன்?

பதில்: நிரல் மாறாமலே ஒருமுறை தேறி மறுமுறை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நேரமும் சூழலும்தான். விண்டோஸின் கடிகாரத் துடிப்பு இயல்பாக ஏறக்குறைய 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை; 5 மில்லிவினாடி காத்திருக்கச் சொன்னால் கூடுதலாகவே காத்திருக்கக்கூடும். திறந்திருக்கும் கோப்பை லினக்ஸ் அழிக்க விடும், விண்டோஸ் பொதுவாக விடாது. அழிக்க வேண்டிய கோப்பை வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கணம் பிடித்திருந்தாலே சோதனை தோற்கக்கூடும். எனவே குறித்த நேரம் காத்திருப்பதைவிட, உச்சவரம்பு வைத்து, நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருப்பதே சரி. ஒவ்வொரு சோதனைக்கும் தனித் தற்காலிகக் கோப்புறையும் வேண்டும். தோற்றதை மறுபடி ஓட்டித் தேறவைப்பது சுலபம். ஆனால் இழைகள் ஒன்றையொன்று முந்தும் உண்மையான பிழையும் அதில் மறைந்துவிடும். 2016-இல் கூகுள் தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில், தேறுவதும் தோற்பதுமான இந்தத் தடுமாற்றம் ஓரளவு இருப்பதாகக் கூறியது. அத்தகைய சோதனைகளைத் தனியே ஒதுக்கி, பொறுப்பாளரையும் கெடுவையும் குறித்துவைப்பது நல்லது.